சீலியாக் நோயும் நம் சமையலறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு 34 வயதில் சீலியாக் நோய் இருப்பது தெரியவந்தது. தைராய்டு குறைபாடு அதற்கு முன்பே இருந்தது. ஒன்பது ஆண்டுகளாகக் கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் தொடாமல் வாழ்கிறேன். உறவினர்களும், புதிதாக இந்த நோய் என்று தெரிந்து கலங்கிப்போய் வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்து, பரிசோதனை பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும். சமையலறை பற்றிச் சொல்வதெல்லாம் நானே பட்டுத் தெரிந்துகொண்டது.

சீலியாக் என்பது கோதுமை ஒவ்வாமைதானே?

இல்லை. ஒவ்வாமை என்றால் சாப்பிட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தடிப்பு, மூச்சுத் திணறல், வாந்தி என்று வரும். சீலியாக் என்பது உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால், நம் நோய் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சுவரில் குடலுறிஞ்சிகள் என்று நுண்ணிய விரல்கள் போல் நீட்டிக்கொண்டிருக்கும். உண்ட உணவின் சத்தை இழுப்பவை அவைதான். தாக்குதல் தொடர்ந்தால் அவை தேய்ந்து, கடைசியில் தரை மட்டமாகிவிடும்.

இரும்புச்சத்து பெரும்பாலும் உறிஞ்சப்படும் இடம் முன்சிறுகுடல். சீலியாக் முதலில் கைவைப்பதும் அங்கேதான். ஆறு ஆண்டுகள் இரும்பு மாத்திரை விழுங்கியும் என் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டாததன் காரணம் இதுதான். அந்த ஆறு ஆண்டுகளும் "நீங்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை" என்று கேட்டுக் கேட்டு, நானே என்மேல் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். மாத்திரை போட்டும் இரத்தசோகை தீராத ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரைத் திட்டாதீர்கள். அவருடைய குடலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சீலியாக்கும் இல்லாமல் ஒவ்வாமையும் இல்லாமல், கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்பி அவதிப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குடல் இப்படித் தேய்வதில்லை. அதனால்தான் முறையான பரிசோதனை அவசியம்.

நாம் சோறு சாப்பிடுகிறவர்கள். நமக்கு எப்படி இந்த நோய் வரும்?

என் சித்தப்பா இன்றுவரை என்னிடம் கேட்கும் கேள்வி இது. 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். தெற்கில் இந்த நோய் மிக அரிதாகத்தான் இருந்தது. ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகள் தெற்கிலும் ஏறத்தாழ வடக்கின் அளவுக்கே இருந்தன. மூன்றில் ஒருவருக்கும் மேல்! வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கில் 25 கிராம்.

மரபணு இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அவர்களில் மிகச் சிலருக்கே வருகிறது. ஆனாலும் இன்று நம் வீடுகளில் காலையில் ரவை உப்புமா, மாலையில் பிஸ்கட், இரவில் சப்பாத்தி என்று ஆகிவிட்டதை நினைத்துப் பாருங்கள். அந்த 25 கிராம் இனியும் 25 கிராமாகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரிசி உண்ணும் ஊரில் இருப்பதால் நமக்கு இது எளிது என்ற நினைப்புதான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. பஞ்சாபில் இருக்கும் ஒரு சீலியாக் நோயாளிக்குத் தன் எதிரி ரொட்டி வடிவில் கண்முன் தெரிகிறது. நமக்கு அது ரசத்துக்குள் ஒளிந்திருக்கிறது. எப்படி என்று பெருங்காயக் கேள்வியில் சொல்கிறேன்.

எனக்கும் சந்தேகமாக இருக்கிறது. ஒரு மாதம் கோதுமையை நிறுத்திப் பார்க்கட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். பரிசோதனை முடியும்வரை நிறுத்தாதீர்கள். டிடிஜி ஐஜிஏ என்ற இரத்தப் பரிசோதனை, இந்த நோயில் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளப்பது. குளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதுதான் அது நோயைக் காட்டும். கோதுமையை நிறுத்திவிட்டால் அந்த எதிர்ப்பொருள் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். பிறகு மருத்துவர் உங்களை மறுபடியும் சில வாரங்கள் கோதுமை சாப்பிடவைத்துத்தான் சோதிக்க வேண்டியிருக்கும். அது பெரிய அவஸ்தை.

இரத்தத்தில் மொத்த ஐஜிஏ (எதிர்ப்பொருளில் ஒரு வகை) அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அது பிறவியிலேயே குறைவாக இருக்கும். அப்படியானால் டிடிஜி முடிவை நம்ப முடியாது. பெரியவர்களுக்குப் பொதுவாக எண்டோஸ்கோபி செய்து, முன்சிறுகுடலில் பல இடங்களிலிருந்து துளித் துளியாகத் திசு எடுத்துப் பார்த்து உறுதிசெய்கிறார்கள்.

இதற்கு மருந்தே கிடையாதா?

இன்றுவரை உணவுதான் மருந்து. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். கோதுமைமேல் அவருக்கு 1930-களிலேயே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944–45-இல், நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பட்டினியில் வாடியபோது அவருடைய சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். மறுபடியும் ரொட்டி வந்ததும் பழையபடி நோயில் விழுந்தார்கள். 1950-இல் இதைத் தன் ஆய்வேடாக எழுதினார். அதற்கு முன்பு சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தையே முக்கிய உணவாகக் கொடுத்துப் பிழைக்கவைக்கப் பார்த்தார்கள். எத்தனையோ குழந்தைகள் பிழைக்கவில்லை. பத்தியம் அலுப்பூட்டும் நாள்களில் நான் இதை நினைத்துக்கொள்வேன்.

எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது?

அரிசி, கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம், எல்லாப் பருப்புகளும் பயறுகளும், ஜவ்வரிசி, கிழங்குகள், காய், பழம், பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி எல்லாவற்றிலும் இயற்கையாகவே குளூட்டன் கிடையாது. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, பொங்கல் என்று நம் சாப்பாட்டில் பாதிக்கு மேல் நமக்கு உரியதுதான்.

கோதுமை, மைதா, ரவை, சேமியா, கோதுமை ரவை, பிரட், பிஸ்கட், பரோட்டா ஆகியவை கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியாமல் மாட்டிக்கொள்கிற சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் பார்லி. கர்ப்பிணிகளுக்குக் கால் வீங்கினாலும், நீர்க்கடுப்பு வந்தாலும் பார்லிக் கஞ்சி வைத்துக்கொடுப்பது நம் வழக்கம். அன்போடு கொடுப்பார்கள், ஆனால் நமக்கு அது விஷம். ஹார்லிக்ஸ், பூஸ்ட், போர்ன்விட்டா போன்ற பானங்களில் இருக்கும் மால்ட் என்பதும் பார்லிதான். மருத்துவமனையில் சேர்ந்தால் வருகிறவர்கள் வாங்கிவருவது இதைத்தானே!

ராகி சேமியா என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும். திருப்பிப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் கோதுமை மாவும் சேர்ந்திருக்கும். சிறுதானிய பிஸ்கட்டும் அப்படியே. வீடுகளில் திரிக்கும் சத்துமாவில் ஒரு கைப்பிடி கோதுமையோ பார்லியோ போடுவார்கள். திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது. சோயா சாஸில் கோதுமை உண்டு. கோபி மஞ்சூரியனில் மைதா. ஓட்ஸில் இயற்கையாக குளூட்டன் இல்லை என்றாலும், வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. குளூட்டன் இல்லாதது என்று தனியாகச் சான்று பெற்றதை மட்டும், அதையும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சேர்க்கலாம். நான் சேர்ப்பதில்லை, எனக்குக் கம்பங்கூழ் போதும்.

பெருங்காயத்தில் என்ன இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நோய் தெரிந்து ஓராண்டு ஆகியிருந்தது. சப்பாத்தி இல்லை, பிஸ்கட் இல்லை, ஒரு பொட்டு ரவை இல்லை. ஆனாலும் டிடிஜி அளவு இறங்கவில்லை. வயிறு வாரத்துக்கு நான்கு நாள் உப்பியது. உணவியல் நிபுணர் என்னிடம், "உங்கள் அஞ்சறைப் பெட்டியிலும் அலமாரியிலும் இருக்கிற எல்லாவற்றையும் அடுத்த முறை பையில் போட்டு எடுத்துவாருங்கள்" என்றார். எடுத்துப் போனேன். அவர் மிளகாய்த்தூளைப் பார்க்கவில்லை, மஞ்சளைப் பார்க்கவில்லை. நேராகப் பெருங்காய டப்பாவை எடுத்து, பின்பக்கம் திருப்பி, என் கையில் கொடுத்தார். எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்துகள். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. கோதுமை மாவு, பிசின், பெருங்காயம். கோதுமை மாவுதான் முதலில்!

பெருங்காயம் என்பது செடியின் வேரிலிருந்து வடியும் பால். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து நமக்கு வருகிறது. அந்தப் பாலின் காரமும் நெடியும் அப்படியே சமையலில் போட முடியாத அளவுக்குக் கடுமை. அதனால் மாவும் பிசினும் கலந்து, கூட்டுப் பெருங்காயமாக்கி விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. தூளில்தான் அப்படி, கட்டி சுத்தமானது என்று பலர் நம்புகிறார்கள். கட்டியும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான்.

இப்போது யோசியுங்கள். சாம்பார், ரசம், மோர், தயிர்சாதத் தாளிப்பு, வடை, முறுக்கு, அப்பளம், ஊறுகாய், இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல். அத்தனையிலும் ஒரு சிட்டிகை. ஓராண்டாக நான் வேளாவேளைக்குக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்! அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அழுதேன். ஆனால் அது நிம்மதியால் வந்த அழுகை. காரணம் தெரிந்துவிட்டதே.

அரிசி மாவு கலந்த பெருங்காயம் இப்போது கிடைக்கிறது. அட்டையில் குளூட்டன் இல்லாதது என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வேறெதுவும் கலக்காத பால் பெருங்காயம் கிடைத்தால், மிளகளவு எடுத்து வெந்நீரில் கரைத்துவைத்துக்கொள்ளலாம், கடுமையாக மணக்கும். கிடைக்காத ஊரில் பெருங்காயமே இல்லாமல் சமையுங்கள். ரசத்துக்கு இரண்டு பல் பூண்டைத் தட்டிப்போட்டு, சீரகத்தைக் கொஞ்சம் தூக்கலாக வைத்தால் குறை தெரியாது. டப்பா மாறிய நான்காவது மாதம் என் டிடிஜி பாதியாகக் குறைந்தது.

சிறுதானிய மாவு கடையில் வாங்கலாமா? மில்லில் கொடுத்து அரைக்கலாமா?

மாவு மில்தான் இரண்டாவது பொறி. எங்கள் தெரு மில்லில் ஒரு நாள் வரிசையில் நின்று கவனித்தேன். எனக்கு முன்னால் ஒருவர் ஐந்து கிலோ கோதுமை கொடுத்தார். அது அரைந்து முடிந்ததும், மில்காரர் துணிக்குழாயை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அதே வாயில் என் கேழ்வரகைக் கொட்டினார். முதலில் விழுந்த மாவு கேழ்வரகின் நிறத்தில் இல்லை. வெளிறிப்போய், கிட்டத்தட்ட வெள்ளையாக விழுந்தது. மெல்ல மெல்லத்தான் செம்பழுப்பு நிறத்துக்கு மாறியது. சுவர், மேசை, மில்காரரின் புருவம் என்று எல்லா இடத்திலும் கோதுமைப் புழுதி. அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. எல்லோருக்கும் அரைப்பதுபோல்தான் எனக்கும் அரைத்தார்.

முதலில் ஒரு கிலோ அரிசியைப் போட்டு இயந்திரத்தைச் சுத்தப்படுத்திவிட்டு அரைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கலப்பு குறையும், ஆனால் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நான் தானியத்தை முழுசாக வாங்கி, முறத்தில் போட்டுப் புடைத்து, பொறுக்கி, கழுவி, உலர்த்தி, வீட்டிலேயே மிக்ஸியில் அரைக்கிறேன். பொறுக்குவது முக்கியம். கம்பிலும் சோளத்திலும் ஏன், கொத்தமல்லி விதையிலும்கூட ஒன்றிரண்டு கோதுமை மணிகள் கிடக்கும். ஊறவைத்துக் கிரைண்டரில் ஆட்டும் தோசை மாவுக்கு இந்தக் கவலை பாதிதான். வரகு, சாமை, குதிரைவாலி எல்லாவற்றையும் உளுந்தோடு ஊறவைத்து ஆட்டிவிடலாம். மில் பக்கமே போக வேண்டாம்.

வீட்டில் மற்றவர்கள் சப்பாத்தி சாப்பிடலாமா?

சாப்பிடலாம். எங்கள் வீட்டில் முதல் இரண்டு ஆண்டுகள் சாப்பிட்டார்கள். பிறகு அவர்களாகவே குறைத்துக்கொண்டார்கள். ஒரே சமையலறை என்றால் சில பொருள்கள் நமக்கென்று தனியாக வேண்டும். தோசைக்கல், மரக்கரண்டி, சல்லடை, பலகை. மரத்திலும் சல்லடைக் கண்ணிலும் புகுந்த மாவு கழுவினால் போவதில்லை. எவர்சில்வர் பாத்திரத்தைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்தால் போதும். சூட்டில் குளூட்டன் அழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம், கொதித்தாலும் வறுத்தாலும் அது அப்படியேதான் இருக்கும். பூரி பொரித்த எண்ணெயில் நமக்கு அப்பளம் பொரிக்கக் கூடாது. மைதா சலிக்கும் வேளையில் நம் சமையல் திறந்திருக்கக் கூடாது. நெய், வெண்ணெய், ஜாம் போன்றவற்றில் நமக்கு ஒரு பாட்டில் தனி. சப்பாத்தித் துணுக்கு ஒட்டிய கரண்டி அதில் போய்விட்டால் அந்த பாட்டில் நமக்கு ஆகாது.

என் மாமியார் என் தோசைக்கல்லின் காதில் சிவப்பு நூல் கட்டிவைத்தார். ஊரிலிருந்து யார் வந்தாலும் "சிவப்பு நூலைத் தொடாதீர்கள்" என்பதுதான் அவர் முதலில் சொல்வது.

ஒரே ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?

கேட்பவர் பாசத்தில்தான் கேட்கிறார். பிறந்தநாள் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் கோபப்பட முடியாது. அதனால் கணக்குச் சொல்லிவிடுவேன். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் கெடுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஒரு துண்டு பிரட்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. அதாவது அந்தத் துண்டை நாற்பதாகக் கிழித்தால் அதில் ஒரு துணுக்கு. கேக் ஒரு வாய் என்பது அதைவிட எவ்வளவோ அதிகம்.

வெளியே ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு. சிலருக்கு வயிற்றுப்போக்கே வராது. உள்ளே குடல் தேய்ந்து, எலும்பு பலவீனமாகி, இரத்தம் குறைந்துகொண்டிருக்கும். "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே" என்று சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது.

சர்க்கரை நோயும் தைராய்டும் சேர்ந்து இருந்தால் எப்படிச் சமாளிப்பது?

டைப் 1 சர்க்கரை நோயும் தன்னுடல் தாக்கும் தைராய்டு நோயும் சீலியாக்கோடு சேர்ந்து வருவது சகஜம். மரபணுப் பின்னணி ஓரளவு பொதுவானது. அதனால் அவை இருக்கிறவர்களுக்குச் சீலியாக் பரிசோதனையும் செய்து பார்ப்பது நல்லது.

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், காபிக்குக் குறைந்தது அரை மணி நேரம் முன்பாகப் போட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். குடல் ஆறியதும் மாத்திரை நன்றாக உறிஞ்சப்படும், பழைய அளவே அதிகமாகிவிடலாம். எனக்கு 125 மைக்ரோகிராமிலிருந்து 100-க்குக் குறைத்தார்கள். படபடப்பு, தூக்கமின்மை வந்தால் பத்தியத்தின்மேல் பழிபோடாமல் தைராய்டு அளவைப் பாருங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். தேய்ந்த குடலில் மாவுச்சத்து சரியாக இறங்காததால் காரணமில்லாமல் சர்க்கரை தாழ்ந்துபோகும். பத்தியம் தொடங்கிக் குடல் தேறியதும் அதே சோற்றுக்குச் சர்க்கரை கூடும். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை என்றாலே "இரவில் சப்பாத்தி சாப்பிடு" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சப்பாத்தி இல்லாமலும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கலாம். மூன்று தட்டுச் சோற்றுக்குப் பதில் சிறிதளவு சோறு, நிறையக் காய், ஒரு கிண்ணம் சுண்டலோ பருப்போ. அல்லது இரண்டு கம்பு அடை. கேழ்வரகைக் கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும், முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டினால் நிதானமாக ஏறும்.

தொடக்கத்தில் சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது. பாலைச் செரிக்கவைக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் ஊறுகிறது. குடல் ஆறியதும் பலருக்குச் சரியாகிவிடும். அதுவரை மோர் குடியுங்கள்.

ஹோட்டலில் என்ன சாப்பிடுவது?

நம்பிச் சாப்பிட இடம் மிகக் குறைவு. ஒரே கல்லில் ரவா தோசையும் கோதுமை தோசையும் பரோட்டாவும் வார்க்கிறார்கள். சாம்பாரில் பெருங்காயம். வடைச் சட்டியில் பூரி. நான் கேட்பது இட்லியும் தேங்காய்ச் சட்னியும், சட்னிக்குத் தாளிப்பு வேண்டாம். இட்லியும் ரவா இட்லியாக இல்லையே என்று கேட்டுக்கொள்வேன். மதியம் என்றால் வெள்ளைச்சோறு, தயிர், அவித்த முட்டை, வாழைப்பழம். பரிமாறுகிறவரிடம் "குளூட்டன்" என்று சொன்னால் புரியாது. "கோதுமை, மைதா, ரவை, பெருங்காயம் பட்டால் எனக்கு உடம்புக்கு ஆகாது, மருத்துவர் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லுங்கள். அவர் சமையல்கட்டுவரை போய்க் கேட்டுவருவார். தயங்கினார் என்றால் சாப்பிட வேண்டாம்.

இலங்கைத் தமிழ் உறவினர் வீட்டுக்கோ, லண்டன், டொரண்டோவில் இருக்கும் அவர்கள் கடைகளுக்கோ போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் அவித்த கோதுமை மாவைச் சேர்ப்பது வழக்கம். இடியாப்பம்தானே என்று கைவைத்துவிடாதீர்கள்.

கல்யாணப் பந்தியிலும் கோயில் பிரசாதத்திலும் என்ன செய்கிறீர்கள்?

வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவேன். பையில் ஒரு சிறு டப்பாவில் என் புளிக்காய்ச்சலும் இருக்கும். முன்பெல்லாம் பந்தியில் உட்காராமல் நழுவிவிடுவேன். இப்போது உட்காருகிறேன். இலையில் முதலில் வைக்கும் வாழைப்பழம், பிறகு வெறும் சோறு, என் டப்பா, கட்டித்தயிர். நெருங்கிய உறவு என்றால் முதல்நாளே சமையல்காரரைப் பார்த்துப் பேசிவிடுவேன். தாளிப்பதற்கு முன் ஒரு கரண்டி பருப்பு எடுத்துவைக்கச் சொன்னால், இதுவரை யாரும் மறுத்ததில்லை.

கோயிலில் சர்க்கரைப் பொங்கல் என்றால் வாங்கிக்கொள்வேன். புளியோதரையும் ரவை கேசரியும் என்றால் கண்ணில் ஒற்றி, பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடுவேன்.

கத்தோலிக்கத் தோழி ஒருவர் நற்கருணை பற்றிக் கேட்டார். அப்பம் கோதுமையால் ஆனதாகத்தான் இருக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. ஆனால் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கு அனுமதி உண்டு. திராட்சை இரசத்தை மட்டும் பெறவும் வழி இருக்கிறது. 2003-லும் 2017-லும் வத்திக்கான் இதைக் கடிதமாகவே எழுதியிருக்கிறது. பங்குத்தந்தையிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அட்டையில் எதைப் பார்த்து வாங்குவது?

இந்திய விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பொருளைத்தான் குளூட்டன் இல்லாதது என்று சொல்லி விற்கலாம். 20 முதல் 100 மில்லிகிராம் வரை உள்ளது குளூட்டன் குறைந்தது என்ற வகை. அது நமக்கு வேண்டாம். ஒவ்வாமைக் குறிப்பில் கோதுமை, பார்லி என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். மாத்திரைகளில் மாவு சேர்ப்பார்கள், பெரும்பாலும் மக்காச்சோள மாவு. சந்தேகம் இருந்தால் மருந்தாளரிடம் கேளுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முறிமருந்து கிடையாது. தண்ணீர், கஞ்சி, ஓய்வு. என்ன சாப்பிட்டோம் என்று எழுதிவையுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த வேளையிலிருந்து பத்தியத்தைத் தொடருங்கள். "கெட்டதுதான் கெட்டுவிட்டது" என்று அந்த வாரம் முழுவதும் சாப்பிட்டுவிடக் கூடாது.

எவ்வளவு நாளில் குணமாகும்?

உடம்பு இலேசாவது சில வாரங்களிலேயே தெரியும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் இறங்க மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டைத் தாண்டும். பெரியவர்களுக்குக் குடல் முழுவதும் ஆற இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். தொடக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் டிடிஜி, ஹீமோகுளோபின், பெரிட்டின் (உடலில் இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, தைராய்டு பார்க்கிறேன். எலும்பு அடர்த்தியும் ஒருமுறை பார்த்தார்கள்.

என் பிள்ளைகளுக்கும் வருமா?

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் சுமார் பத்தில் ஒருவர் வரை இருக்கலாம். எல்லோரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்ததும் இரண்டு பிள்ளைகளுக்கும் பார்த்தோம். மூத்தவளுக்கு இல்லை. ஐந்து வயதில் இருந்த இளையவனுக்கு இருந்தது. வகுப்பிலேயே அவன்தான் குள்ளம். நாங்கள் குடும்ப வாகு என்று நினைத்திருந்தோம்.

பள்ளியில் ஆசிரியரிடம் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தோம். அரசுப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமாக்கள் வரும் நாள்கள் உண்டு. பொங்கல் வரும் நாளிலும் பெருங்காயம் இருக்கலாம். அவனுக்கு எல்லா நாளும் வீட்டு டப்பாதான். யாருக்காவது பிறந்தநாள் என்றால் அவனுக்குக் கொடுப்பதற்காக, ஆசிரியரின் மேசை இழுப்பில் கடலை மிட்டாய் கொஞ்சம் வாங்கிவைத்திருக்கிறோம். பத்தியம் தொடங்கிய முதல் ஆண்டில் அவனுக்கு இரண்டு முறை புதுச் செருப்பு வாங்க வேண்டியிருந்தது.

மூத்தவளுக்கு இப்போது இல்லை என்பதால் எப்போதும் வராது என்று ஆகாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவளுக்கும் பரிசோதனை செய்கிறோம். அடுத்தது வருகிற தை மாதம்.